சாஃப்ட் பவர்: மெல்லாற்றலா, ஈர்ப்பாற்றலா?

வியாசர்பாடியிலிருந்து:
நண்பர்களே, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பன்னாட்டு உறவுகள் பாடக்குறிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சாஃப்ட் பவர்’ என்ற இடத்தில் நிற்கிறேன். ஜோசப் நை 1990-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து: மிரட்டாமலும் காசு கொடுக்காமலும் பிற நாடுகளைத் தன் விருப்பத்துக்கு இசைய வைக்கும் திறன். ‘மென்வலிமை’ என்று எழுதினேன். மென்பொருள் துறையின் வலிமையா என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

திருவொற்றியூரிலிருந்து:
‘மெல்லாற்றல்’ என்று எழுதுங்கள் ஐயா. மெல்லினம், மெல்லிசை என்பவற்றைப் போல உயிர்முன் இப்படித்தான் புணரும். ‘மென்னாற்றல்’ வேண்டவே வேண்டாம். எதிர்ச்சொல்லும் தயார்: வல்லாற்றல். நாளிதழ்களின் ‘மென்சக்தி’யில் பாதி வடமொழி.

ராயபுரத்திலிருந்து:
இலக்கணம் சரி அம்மா, பொருள் நிற்கவில்லையே. 1965, 66-இல் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைதான் நம்மைக் காத்தது. ஆனால் வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததில் எரிச்சலுற்ற அமெரிக்க அதிபர் ஜான்சன், கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்ப விட்டார். கோதுமை வந்தது, நன்றி வரவில்லை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, அமெரிக்காவின் ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பல் நம்மை மிரட்ட வங்கக்கடலுக்கு வந்ததும் மிச்சமிருந்த நல்லெண்ணமும் போயிற்று. கொடுப்பது மென்மையான பொருளா என்பதல்ல கேள்வி. வாங்குகிறவன் மனத்தில் என்ன நடக்கிறது என்பதே. ஆகவே ‘ஈர்ப்பாற்றல்’.

திருவொற்றியூரிலிருந்து:
ஈர்ப்பு என்றதும் பிள்ளைகளுக்கு நியூட்டன்தான் நினைவுக்கு வருவார். நீங்கள் சொல்லும் கோதுமைக் கதையை வள்ளுவர் 387-ஆம் குறளிலேயே முடித்துவிட்டார்: ‘இன்சொலால் ஈத்தளிக்க’ வல்லவனுக்கே உலகம் வசப்படும். ஈகை இருந்தது, இன்சொல் இல்லை. இன்சொல் மென்மைதானே?

தண்டையார்பேட்டையிலிருந்து:
குறுக்கே வருவதைப் பொறுத்தருளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டன். இன்றும் கெட்டிக்காரனை ‘சரியான எம்டன்’ என்கிறோம். குண்டு போட்டும் பெயர் வாங்கியதை எந்த ஆற்றலில் சேர்ப்பது?

ராயபுரத்திலிருந்து:
அது மலைப்பு, ஈர்ப்பன்று. எம்டனைப் பார்த்து நாம் ஜெர்மனியின் கொள்கையை விரும்பினோமா? இந்தோனேசியாவைப் பாருங்கள். பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புப்படி, அங்கே இராக் போர் நடந்த 2003-இல் அமெரிக்காவை நல்லவிதமாக நினைத்தவர்கள் 15 விழுக்காடு. சுனாமி நிவாரணத்துக்கு அதன் கடற்படை வந்து உதவியபின், 2005-இல் 38. ஒரே நாடு, ஒரே கடற்படை. செய்த வேலைதான் வேறு. இதைச் சொல்லாத கலைச்சொல் பிள்ளைகளுக்கு எதற்கு?

வியாசர்பாடியிலிருந்து:
அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். நீங்கள் இருவரும் ஒத்துப்போகாததால் இப்போதைக்கு ‘மென்வலிமை’யே இருக்கட்டும். ‘பிறரை ஈர்த்து இசைய வைக்கும் திறன்’ என்ற விளக்கத்தை அடுத்த வரியில் சேர்க்கிறேன். இந்தோனேசியக் கணக்கையும் சேர்க்கிறேன்.

ராயபுரத்திலிருந்து:
விளக்கத்தில் ‘ஈர்த்து’ வந்துவிட்டதே, தலைப்பில் வந்தால் என்ன?

திருவொற்றியூரிலிருந்து:
மெல்லாற்றலை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.