சுற்றுச்சூழலுக்காகப் பிள்ளைகள் செய்தது: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

ஊருணிக்கரை:
வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். 1977இல் சரணாலயமானது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருடா வருடம் செய்தித்தாளில் வரும். அதை மறுபடி சொல்ல வரவில்லை.

அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருந்தோம். எங்களோடு வந்த பையன் சென்னையில் வளர்ந்தவன். பைக்குள் சரவெடி வைத்திருந்திருக்கிறான். கண்மாய்ப் பக்கம் கொளுத்தப் போகிறேன் என்று கிளம்பினான். அந்த வீட்டுச் சின்னப் பெண், மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ, குறுக்கே வந்து நின்றாள்.

“இங்க வெடி போடக் கூடாது.”

“யாரு பாக்கப் போறா?”

அவள் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களைக் காட்டி, “நாரை இருக்குல்ல” என்றாள். சத்தம் கேட்டால் தாய்ப்பறவை படாரென்று எழும்பும், கூடு ஆடிக் குஞ்சு கீழே விழும் என்று விளக்கமும் சொன்னாள். பையன் வெடியைப் பைக்குள் வைத்துவிட்டான்.

அப்புறம் தனியாக இருக்கும்போது, “உனக்கு வெடி போட ஆசையா இருக்காதாம்மா?” என்று கேட்டேன். “இருக்கும்” என்றாள். அவ்வளவுதான், விளையாடப் போய்விட்டாள். அந்த ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை. ஆசை இல்லாததால் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பழைய பேப்பர் கடை:
அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழைய பேப்பர், இரும்பு வியாபாரம். பால் கவரும் எடுப்போம். கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் உள்ளே மிச்சப் பாலோடு கட்டிக் கொடுப்பார்கள். நாற்றம், எறும்பு, ஈ. ஒரு பையன் மட்டும் கழுவி, கொடியில் காயவைத்து, நோட்டுப் புத்தகம் போல அடுக்கிக் கொண்டு வருவான். எடை போடும்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு கவரிலும் வெட்டிய மூலை துண்டாகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஏன்டா தம்பி என்று கேட்டேன். “தனியா வெட்டுனா அந்தத் துண்டை யாரும் பொறுக்க மாட்டாங்கண்ணா, சாக்கடைக்குப் போயிரும். அம்மா வெட்டும்போது பக்கத்துலயே நிப்பேன்.” உண்மை. இத்தனை வருடத் தொழிலில் அந்த மூலைத் துண்டு ஒன்றுகூட என் கடைக்கு வந்ததில்லை. காலையில் எத்தனை வீட்டில் பால் கவர் வெட்டுகிறார்கள், கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

காசை வாங்கிக்கொண்டு, “இதை உருக்கி என்ன பண்ணுவாங்க?” என்றான். குழாய், பக்கெட், குப்பைப் பை என்று சொன்னேன். “மறுபடியும் பால் கவர் ஆகாதா?” ஆகாது, சாப்பாட்டுப் பொருள் போடுகிற அளவுக்குச் சுத்தமாக வராது என்றேன். அவன் முகம் வாடிப் போனது. பொய் சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

நெய்தல்:
சொன்னதுதான் சரி அண்ணா. அந்தப் பையனுக்குப் பொய் வேண்டாம்.

நான் பார்த்தது சென்னைக் கடற்கரையில். கடலாமை கரையில் இட்ட முட்டைகளைத் தேடிக் காப்பாற்ற 1988லிருந்து மாணவர்கள் இரவு நடை போகிறார்களே, அவர்கள் பொரிப்பகத்தில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க ஒரு மாலை போயிருந்தேன். ஒரு அம்மா போனை நீட்டி ஃபிளாஷ் போட்டுவிட்டார். பக்கத்திலிருந்த அவர் மகன், நாலைந்து வயதுதான் இருக்கும், எம்பி இரண்டு கையாலும் அந்த வெளிச்சத்தைப் பொத்தினான். “பாப்பா ஆமை வழி தப்பிரும்மா!” குஞ்சுகள் வெளிச்சம் அதிகமான பக்கமாகத்தான் ஊரும். கடல்மேல் விழும் வான வெளிச்சத்தை நம்பிப் போகவேண்டியவை, தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

அந்த அம்மா போனை உள்ளே வைத்துவிட்டார். ஆனால் பின்னால் எரிந்த தெருவிளக்குகளை எந்தக் கையால் பொத்துவது?

தென்றல் வீடு:
மகள் பள்ளியில் விதைப்பந்து செய்தார்கள், மண்ணைப் பிசைந்து உள்ளே விதை வைத்து உருட்டுவது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பேருந்தில் அழைத்துப்போய் ஜன்னல் வழியாக எறியச் சொன்னார்களாம். இவள் ஒன்றை எறியாமல் பாவாடையில் முடிந்து கொண்டு வந்துவிட்டாள். “எங்க விழுந்துச்சுன்னே தெரியலன்னா யாரும்மா தண்ணி ஊத்துவா?” அதை வாசலில் நட்டு முளைத்தும்விட்டது. வேம்பு. மற்ற பந்துகள் என்ன ஆயிற்றென்று அடிக்கடி கேட்கிறாள். என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தென்றல் வீட்டு அம்மா, உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. எறிந்ததில் பெரும்பாலானவை வெயிலில் காய்ந்தோ, ஆடு மேய்ந்தோ, எறும்பு இழுத்தோ போயிருக்கும். அதை அவளிடம் மறைக்க வேண்டாம். விதைப்பந்தைப் பள்ளிகள் ஒரு நாள் விழாவாக நடத்துவதை நான் ஏற்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றினார்கள். ஒரு மாணவி வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு, “செத்துப் போச்சு சார்” என்று அழுதாள். ஒன்றைத் தோண்டிக் காட்டினேன். உள்ளே கிழங்கு கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அந்த முகத்தை மறக்க முடியாது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக உதிரும். அதைப் பொறுக்கினால் போதும், மரத்தில் ஏறவேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊன்றிவிடுங்கள். மரத்துக்கு மரம் பத்தடி விடுங்கள். முதலில் வளர்வதெல்லாம் மண்ணுக்குள்தான், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. இதை முன்பே சொல்லாவிட்டால் பிள்ளைகள் தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடுவார்கள். வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, சல்லிவேர் கரையைக் கவ்விப் பிடிக்கும். பலன் தரப் பதினைந்து வருடமாவது ஆகும், ஆகவே ஊன்றும் பிள்ளை பெரியவளாகித்தான் நுங்கு தின்பாள் என்பதையும் சொல்லுங்கள். இன்னொன்று: காலியாகத் தெரியும் இடமெல்லாம் மரம் வைக்கும் இடமில்லை. புல்வெளியை நம்பி வாழும் பறவையும் முயலும் உண்டு, அங்கே மரக்கன்று வைப்பது கெடுதல். ஊர் பொதுநிலமென்றால் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு மரம் என்று பேர் எழுதிவிட்டால் லீவு நாளிலும் போய்ப் பார்ப்பார்கள்.

முத்துநகர்:
வாத்தியார் ஐயா, பனை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மரம் வை, கவரைக் கழுவு, வெடி போடாதே. கவரைச் செய்தவனை யார் கேட்பது?

எங்கள் தூத்துக்குடியில் 2018இல் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் தாங்கள் தின்ற பிஸ்கட், நொறுக்குத்தீனி உறைகளை எல்லாம் சேர்த்து, மாநகராட்சி வழியாக அதைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மக்காத உறைக்கு மாற்று கண்டுபிடியுங்கள் என்று கடிதமும் வைத்தார்கள். 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது கேரி பேக், கப், உறிஞ்சுகுழல் எல்லாம் பட்டியலில் இருந்தன. கம்பெனி உறைகளுக்கு அப்போது விலக்கு கொடுத்திருந்தார்கள்.

என் அண்ணன் மகள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு சாக்கில் உறை சேர்க்க ஆரம்பித்தாள். “சித்தப்பா, இவங்க அட்ரஸ் எங்க இருக்கும்?” என்று ஒரு சிப்ஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அவ்வளவு பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன். எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. இன்னும் தபால்காரரைக் கேட்கிறாள்.

ஊருணிக்கரை:
முத்துநகர் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் அந்தச் சாக்கைக் கட்டி வைக்காதீர்கள். மறுபடியும் எழுதட்டும், இந்த முறை நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். பெரியவர் பேர் இருந்தால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

தென்றல் வீடு:
பேப்பர் கடை அண்ணா, சிப்ஸ் உறையைக் கழுவிக் கொடுத்தால் எடுப்பீர்களா? எண்ணெய் கவர்?

பழைய பேப்பர் கடை:
சிப்ஸ் உறை எடுக்க மாட்டோம் அக்கா. பல அடுக்கு, உள்ளே அலுமினியப் பூச்சு, பிரித்து உருக்க வழியில்லை, வாங்கவும் ஆள் கிடையாது. முத்துநகர் அண்ணன் வீட்டுப் பெண் செய்வதுதான் அதற்கு வழி. எண்ணெய் கவர் எங்கள் கடையில் எடுப்போம், ஆனால் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். பால் கவரோடு கலக்காமல் தனிக் கட்டாகக் கொண்டு வாருங்கள், கலந்தால் இரண்டுக்கும் விலை போகாது.