பண்ணாரி குண்டம்: அம்மாவை விட்டுப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறேன். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்க, அதாவது தீ மிதிக்க, வேண்டுதல். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பக்கத்து லைன் வீட்டு ஒடிசாப் பெண், "நான் பார்த்துக்கிறேன் அக்கா" என்கிறாள். தினமும் அம்மாவுக்குத் தலை வாரி விடுவதே அவள்தான். ஆனால் அவளுக்கும் பீஸ் ரேட். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. அதுதான் உறுத்துகிறது. என்ன செய்யட்டுமுங்க?

சத்தியமங்கலத்துக்காரர்: முதல் நாளே வந்து வரிசையில் படுக்கணும் அம்மிணி. விடியக்காலையில் பூசாரி இறங்கிய பிறகுதான் சனம். ராத்திரிக்கும் ஆள் வேணும்னு அவளிடம் சொல்லிடுங்க.

பல்லடம் அக்கா: கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துடு கண்ணு. வாங்க மாட்டேன் என்பாள், விடாதே.

கேட்டவர்: சரிங்க அக்கா, முன்னாடியே கொடுத்துடறேன். ராத்திரிக்கு என் தங்கச்சியையும் வரச் சொல்றேன்.