பழைய கோர்ட் கட்டடத்தைப் புதுப்பித்த பிறகு அங்கே போயிருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கறுப்புக்கோட்டு:
வேலை எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொய்க்கூரையைப் பிரித்து, உத்தரங்களைத் தேய்த்து எண்ணெய் பூசி, டைல்ஸைப் பெயர்த்துக் கல் தரையை வெளியே கொண்டுவந்தார்கள். அழகுதான். திறந்த புதிதில் ஒரு குடும்ப வன்முறை வழக்கு. கூண்டில் நின்ற பெண்ணுக்குக் குரலே எழும்பவில்லை. எழும்பியதும் மேலே போய்க் கலைந்துவிட்டது. மைக் இருந்தது, அது எதிரொலியையும் சேர்த்தே பெருக்கியது. “சத்தமா சொல்லும்மா” என்றார் நீதிபதி. மறுபடி சொன்னார். டைப்பிஸ்ட் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த தடவை, கணவர் எங்கெங்கே சூடு வைத்தார் என்பதை அந்தப் பெண் கத்தியே சொன்னார். வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தீர்ப்பு சாதகமாகத்தான் வந்தது. ஆனாலும் அந்தக் கத்தல் காதைவிட்டுப் போகவில்லை.

சாந்துக்கரண்டி:
கூரையைக் குறை சொல்லாதீர்கள். உயரம் கூடினால் எதிரொலி நீளும், சரி. அதை உறிஞ்ச எதுவும் வைக்காமல் விட்டவர்களைக் கேளுங்கள். பேச்சு தெளிவாக விழ, எதிரொலி ஏறத்தாழ ஒரு நொடியில் அடங்க வேண்டும். சுவரின் மேல்பாதியில் கம்பளித்துணி போர்த்திய பலகைகள் மாட்டலாம், பின்னால் கழற்றினாலும் சுவருக்குச் சேதம் வராதபடி. ஆள் நிறைந்த ஹாலில் மட்டும் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உட்கார்ந்திருப்பவர்களே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுவார்கள். அப்புறம், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூசவே விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். உப்பு பூத்துச் செங்கல் அரித்துப்போகும். நான் வேலை பார்த்த கோர்ட்டில் ரெக்கார்டு ரூம் சுவரைத் தட்டினேன். பூச்சு பாளமாகக் கழன்றது, பின்னாலிருந்து செங்கல் மாவாகக் கொட்டியது. கீழே அடுக்கியிருந்த கேஸ் கட்டெல்லாம் சிவப்பு.

மாடிப்படி:
எங்கள் ஊர்க் கோர்ட்டில் “முகப்பு கெட்டுவிடும்” என்று சாய்தளத்தைப் பின்பக்கம் போட்டார்கள். கைதிகளை இறக்கும் வாசல் அது. சொத்து வழக்குக்குச் சக்கர நாற்காலியில் வந்த அப்பா, விலங்கு மாட்டிய இருவருக்குப் பின்னால் காத்திருந்தார். “பெருசு, நீங்க என்ன கேஸு?” என்றார் காவலர். அப்பா சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டாரே தவிர வாயே திறக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

சாந்துக்கரண்டி:
வருத்தம்தான். ஆனால் முன்னால் இடம் இருந்திருக்காது. 1-க்கு 12 சரிவு என்றால் மூன்றடி உயரத்துக்கே 36 அடி ஓட வேண்டும், நடுவில் நிற்கும் தளம் தனி. கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமே சொல்கிறது.

மாடிப்படி:
நீங்கள் சொன்னது அந்தச் சாசனத்தின் ஐந்தாவது பிரிவில் வருகிறது. அதை முதல் வரியிலிருந்து படியுங்கள். சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருப்பதுதான் கட்டடத்தைக் காப்பாற்ற உதவும் என்றுதான் அது தொடங்குகிறது. பக்கவாட்டு வராந்தாவை ஒட்டி 40 அடிக்கு மேல் சும்மாதான் கிடந்தது. இப்போது அங்கே வக்கீல்களின் பைக் நிற்கிறது.