ஒரு கோப்புக்கு ஒன்றரை நொடி

கணக்குப்பிள்ளை:
நேற்று இன்னொரு திரியில் எல்லைச்சாமி ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்: "நாட்டுப்பற்று உள்ளவன் தன் போனை அரசாங்கம் கேட்கிறது என்றால் பெருமைப்படுவான். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? அப்படியே தவறு நடந்தாலும் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு உத்தரவையும் சரிபார்க்கக் குழு இருக்கிறது." நான் பதில் அடிப்பதற்குள் திரியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

பெருமைப்படுவது அவரவர் இஷ்டம். குழு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். நம் நாட்டில் ஒருவர் போனை ஒட்டுக்கேட்க நீதிபதி உத்தரவு தேவையில்லை. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். 1996-ல் பியூசிஎல் (மக்கள் குடிமை உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கடிவாளம் போட்டது. மறுஆய்வுக் குழு அப்படி வந்ததுதான். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர், ஆக மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு (அரசாங்கமே போட்ட குழு, நான் போட்டதில்லை) தன் அறிக்கையில் சொன்னது: ஒவ்வொரு கூட்டத்திலும் மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டிய உத்தரவுகள் 15,000 முதல் 18,000, இது நடக்கிற காரியமில்லை.

காலையில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்தாலும் 28,800 நொடி. 18,000 உத்தரவு. ஒன்றுக்கு 1.6 நொடி. கோப்பின் நாடாவை அவிழ்க்கவே பத்து நொடி ஆகும், ஐயா.

எல்லைச்சாமி:
வந்துவிட்டாரா! போன மாதம் கார்கில் திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

தம்பி, 2008 நவம்பரில் மும்பையில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? தாஜுக்குள் இருந்தவனுக்கும் நரிமன் இல்லத்தில் இருந்தவனுக்கும் பாகிஸ்தானில் உட்கார்ந்துகொண்டு போனில் கட்டளை போட்டார்கள். அதை நம் போலீஸ் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தது. அந்தக் குரல்தான் பிறகு சாட்சியம் ஆனது. அப்போது உங்கள் மூன்று செயலாளர்களைக் கூட்டி நாடாவை அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
சுடுகிறவன் போனைக் கேட்காதே என்று நான் எங்கே சொன்னேன்? அவசரம் என்றால் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு அனுமதி வாங்க விதியிலேயே வழி இருக்கிறது. என் கேள்வி ஒன்றே ஒன்று. "ஒவ்வொரு உத்தரவையும் சரிபார்க்கிறார்கள்" என்றீர்கள். 1.6 நொடியில் எப்படி?

ஓலைச்சுவடி:
இருவரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நாட்டுப்பற்று என்றால் என்ன, அந்தரங்கம் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி குறையும். 2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது…

எல்லைச்சாமி:
இந்த 1.6 நொடிக் கணக்கே தப்பு. மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். ஆளுக்கு ஆறாயிரம் பிரித்துக்கொண்டால்?

கணக்குப்பிள்ளை:
ஆளுக்கு 4.8 நொடி. நன்றி. இப்போது ஒரு உத்தரவை மூவரும் பார்ப்பதில்லை, ஒருவர்தான் பார்க்கிறார் என்று ஆகிவிட்டது. மேலும் சொல்லுங்கள்.

வெள்ளைக்காக்கை:
எனக்குக் கணக்கு வராது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குக் கையெழுத்துப் போடவே மேலாளர் ஒரு பக்கத்துக்கு மூன்று நொடி எடுத்துக்கொள்வார். அதிலும் வராதவனுக்கு வந்ததாகப் போட்டுவிடுவார்.

ஓலைச்சுவடி:
என் பதிவைப் பாதியில் வெட்டிவிட்டுப் போனதற்கு நன்றி. இன்னொன்று, "அந்தரங்கம்" என்பது வடசொல். "தனியுரிமை" என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும். திருத்திக்கொள்கிறேன்.

எல்லைச்சாமி:
நான் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். முன்னணி நிலையில் இருந்தபோது வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். அதிகாரி படிப்பார். மலையின் பெயரோ பாலத்தின் பெயரோ இருந்தால் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் 56 ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) முத்திரை விழும். "என்னங்க, பாதிக் கடிதம் தார் பூசின மாதிரி இருக்கு" என்று என் மனைவி எழுதுவாள். அழுதோமா? வழக்குப் போட்டோமா? நாடு என்றால் அப்படித்தான்.

மல்லிகைப்பந்தல்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா, கடிதம் இரண்டு பேருடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். அவர் சேரவில்லையே. அவரிடம் யாராவது கேட்டார்களா?

எல்லைச்சாமி:
வீட்டுப் பெண்களை விவாதத்தில் இழுக்காதே அம்மா.

மல்லிகைப்பந்தல்:
இழுத்தது நீங்கள். நான் பதில்தான் சொன்னேன்.

சரி, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மூன்று மாத அழைப்புப் பட்டியல் ஒருநாள் என் பெரியமாமா கையில் இருந்தது. காவல் துறையில் இருக்கும் அவர் நண்பர் எடுத்துக் கொடுத்தாராம். நான்கு தாள். இரவு 11.42-க்கு ஓர் எண்ணோடு 26 நிமிடம். அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து "இது யார்?" என்று கேட்டார். அது என் கல்லூரித் தோழி. அவள் அப்பா இறந்த இரவு. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை ஐயா. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. "என்ன பயம்" என்று கேட்கிறீர்களே, இந்தப் பயம்தான்.

எல்லைச்சாமி:
அது ஒரு தனி ஆள் செய்த தவறு. அதற்காக அரசாங்கத்தையே குறை சொல்வதா? அவன் மேல் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
தனி ஆளா? 2013-ல் அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலைத் திருட்டுத்தனமாக எடுத்ததாக டெல்லிக் காவலர் ஒருவர் கைதானார். மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவருக்கே அந்த கதி. மல்லிகைப்பந்தல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? அந்தப் பெரியமாமாவின் நண்பரிடமா?

தேசபக்தி என்ற பெயரில் நடந்ததையும் கேளுங்கள். நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸ் குடும்பத்தை 1948 முதல் 1968 வரை உளவுத்துறை கண்காணித்தது, கடிதங்களைப் பிரித்துப் படித்தது. 2015-ல் வெளிவந்த கோப்புகளில் இருக்கிறது. நேதாஜி குடும்பத்துக்கு நாட்டுப்பற்று குறைவு என்று சொல்வீர்களா?

எல்லைச்சாமி:
அது எந்தக் கட்சி ஆட்சி என்று சொல்லாமல் நைசாக விட்டுவிட்டீர்கள் பார்த்தீர்களா. அதுதான் உங்கள் யோக்கியதை.

கணக்குப்பிள்ளை:
காங்கிரஸ் ஆட்சி. போதுமா? 1988-ல் போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகிய கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஜனதா. 1991-ல் ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்து மாட்டியதில், காங்கிரஸ் ஆதரவில் நின்ற சந்திரசேகர் அரசே போனது. எந்தக் கொடி பறந்தாலும் காது ஒன்றுதான். அதனால்தான் கட்சியைச் சொல்லவில்லை. 1.6 நொடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளைக்காக்கை:
இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் நின்றதற்கு ஓர் ஆட்சி கவிழ்ந்ததா! இப்போது வாசலில் நிற்க வேண்டியதே இல்லை, சட்டைப் பையிலேயே நிற்கிறார்கள். ஆட்சிதான் கவிழ மாட்டேன் என்கிறது.

எல்லைச்சாமி:
இவர் எந்தக் கட்சி என்பது இப்போது தெரிந்துவிட்டது.

வெள்ளைக்காக்கை:
நான் காக்கை. எல்லா மரத்திலும் உட்காருவேன்.

எல்லைச்சாமி:
சரி, கணக்கப்பிள்ளை. அந்த 15,000, 18,000 எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் பார்த்தேன். மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவு போடுகிறது என்று ஒரு தகவல் உரிமை மனுவுக்குக் கிடைத்த பதில். அதை இரண்டால் பெருக்கிவிட்டார்கள். யாரும் குழு அறைக்குள் போய் எண்ணவில்லை. அதில் பாதி பழைய உத்தரவின் நீட்டிப்பாக இருக்கும். ஒரு உத்தரவு 60 நாள்தானே செல்லும்? நீட்டிப்பை மறுபடி முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. ஆக உங்கள் கணக்கு பொய்.

கணக்குப்பிள்ளை:
என் பெயர் கணக்குப்பிள்ளை, கணக்கப்பிள்ளை இல்லை.

பாதியை அடித்துவிடலாம். 9,000. ஒன்றுக்கு 3.2 நொடி. பொய் என்று நிரூபித்ததில் எனக்கு 1.6 நொடி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவன் வாழ்க்கையைப் படித்துவிடலாமா? அது போக, நீட்டிப்பைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 60 நாள் கேட்டும் ஒன்றும் கிடைக்காதவன் போனை மறுபடி 60 நாள் ஏன் கேட்க வேண்டும்?

ஓலைச்சுவடி:
கணக்குப்பிள்ளை, கணக்கப்பிள்ளை இரண்டும் வழக்கில் உண்டு. பேச்சில் இரண்டாவதுதான் அதிகம். எல்லைச்சாமி எழுதியதில் பிழையில்லை.

கணக்குப்பிள்ளை:
என் பெயரை நான்தான் வைத்துக்கொண்டேன். இதில் வழக்கு எங்கே வந்தது?

புதுவரவு:
வணக்கம். நான் புதிது. ஒரு சந்தேகம். குழு பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? கேட்டது கேட்டதுதானே?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பைப் படியுங்கள். லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவு. பதிவு செய்ததை மறுஆய்வுக் குழு முன் வைக்கவே இல்லை. உத்தரவே செல்லாது என்று ரத்து செய்தார். சட்டத்தில் இருப்பது "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு" என்ற இரண்டு வாசல்தான். ரகசியமாக லஞ்சம் பிடிப்பதற்கு அந்த வாசல் திறக்காது என்றார். ஆனால் 2011-ல் கேட்டதற்கு 2025-ல் விடை. பதினான்கு வருடம். அந்த வழக்குப் போட்டவரிடமாவது வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. தன் போனைக் கேட்கிறார்கள் என்று தெரியாதவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? கேட்டு முடித்த பிறகும் அவனுக்குச் சொல்ல மாட்டார்கள்.

எல்லைச்சாமி:
லஞ்ச வழக்கில் சிக்கியவனைக் காப்பாற்றிய தீர்ப்பைப் பெருமையாகச் சொல்கிறார். இதுதான் இவர்களின் தனியுரிமை.

மல்லிகைப்பந்தல்:
ஐயா, நான் லஞ்சம் வாங்கவில்லை.

எல்லைச்சாமி:
உன்னைச் சொல்லவில்லை அம்மா.

கணக்குப்பிள்ளை:
1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தில்தான் இந்த அதிகாரமே தொடங்குகிறது. பாரதி புதுச்சேரியில் இருந்த காலம் முழுக்க அவரைச் சுற்றி பிரிட்டிஷ் ஒற்றர்கள். 1918-ல் எல்லை தாண்டி வந்ததும் கடலூரில் கைது. அன்றைய கண்காணிப்புப் பட்டியலில் இருந்தவர்களைத்தான் இன்று தியாகிகள் என்கிறோம். அன்றும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று சொல்லியிருப்பார். எங்கள் ஐயா மாதிரி.

எல்லைச்சாமி:
என்னை வெள்ளைக்காரன் ஆள் என்கிறாயா? எல்லையில் பனியில் நின்றவனை? இதற்கு மன்னிப்புக் கேட்காமல் நான் இந்தத் திரியில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

வெள்ளைக்காக்கை:
கார்கில் திரியிலும் இப்படித்தான் சொன்னார். அப்புறம் நாற்பது பதிவு போட்டார்.

எல்லைச்சாமி:
முப்பத்தொன்று. எண்ணிப் பார்.

தந்திச் சட்டம், தந்திச் சட்டம் என்று இன்னும் பழைய கதை பேசுகிறார். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்புக்குப் புது விதிகளே வந்துவிட்டன. வெள்ளைக்காரன் போய்விட்டான் தம்பி.

கணக்குப்பிள்ளை:
புது விதியைப் படித்தீர்களா? அதே உள்துறைச் செயலாளர் கையெழுத்து. அதே மூன்று செயலாளர்கள். அதே இரண்டு மாதம். நாற்காலிக்கு உறை மாற்றியிருக்கிறார்கள். 1.6 நொடி அப்படியே இருக்கிறது.

ஓலைச்சுவடி:
"தேசபக்தி" என்று கணக்குப்பிள்ளை ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். நாட்டுப்பற்றும் தேசபக்தியும் ஒன்றில்லை. பற்று வைத்தவன் கேள்வி கேட்பான், பக்தன் கேட்க மாட்டான். இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே வரையறுக்கலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை.

எல்லைச்சாமி:
பக்தியைக் கேவலப்படுத்தும் வேலை வேறு ஆரம்பித்துவிட்டது. நெறியாளர் கவனிக்கவும்.

ஓலைச்சுவடி:
நான் சொற்பொருள்தான் சொன்னேன்!

எல்லைச்சாமி:
இந்தக் கணக்கில் சாப்பாட்டு நேரம் எங்கே? தேநீர் எங்கே? எட்டு மணி நேரம் எந்த அதிகாரி எழுந்திருக்காமல் உட்காருவான்? நடக்காத ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால் அது என்ன கணக்கு?

கணக்குப்பிள்ளை:
சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழிக்கிறேன். 1.4 நொடி. தேநீரையும் கழிக்கவா?

எல்லைச்சாமி:
நான் கேட்டது வேறு, இவர் சொல்வது வேறு. கார்கில் திரியிலும் இதே தந்திரம்தான். அங்கே நான் கேட்ட உயரக் கணக்குக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

புதுவரவு:
மன்னிக்கவும், கார்கில் திரி எங்கே இருக்கிறது?