புரையோடு சேர்த்து ஜெல்லையும் எடுத்துவிடலாமா?

பிழைதிருத்தி:
வயது 67. முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. ‘ன’வும் ‘ள’வும் ஒன்றாகத் தெரிகிறது. அதே கண்ணில் அஸ்டிராய்டு ஹயலோசிஸும் இருக்கிறதாம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் ஜெல்லில் கால்சியமும் கொழுப்பும் சேர்ந்த துகள்கள் மிதக்கின்றன, கருவியில் பார்த்தால் நட்சத்திர வானம் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் ரசித்துச் சொன்னார். எனக்கு ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை, வெறும் பனிமூட்டம்தான். புரையை எடுக்கும்போதே ஜெல்லையும் எடுக்கச் சொல்லலாமா?

கண்ணளவு (ஆப்டோமெட்ரிஸ்ட்):
ஐயா, துகள் உங்களுக்குத் தெரியவில்லை என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. இந்தத் துகள்கள் பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை. பனிமூட்டம் புரையால்தான் இருக்கும். அதை மட்டும் எடுப்பதே வழக்கம். ஜெல்லை எடுக்கும் விட்ரெக்டமியில் விழித்திரை கிழியவோ விலகவோ வாய்ப்பு உண்டு, சும்மா செய்கிற காரியமில்லை.

ஆனால் இரண்டு விஷயம் கேளுங்கள். அல்ட்ராசவுண்டில் கண்ணின் நீளத்தை அளந்தால், ஒலி துகளில் பட்டுத் திரும்பி நீளத்தைக் குறைத்துக் காட்டலாம். 1 மி.மீ. பிசகினாலே, புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பவர் சுமார் 2.5 டயாப்டர் தப்பும், கிட்டப்பார்வை வந்து சேரும். ஒளியால் அளக்கும் பயோமெட்ரி நல்லது. அடுத்தது, சிலிக்கான் லென்ஸ் வேண்டாம். அதன் பின்பக்கம் கால்சியம் வெள்ளையாகப் படியும். லேசரால் சுத்தம் செய்தாலும் மறுபடி படியலாம். அக்ரிலிக் கேளுங்கள்.

சர்க்கரைக்காரன்:
எனக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்தார்கள். ஆனால் என் கதை வேறு. சர்க்கரையால் விட்ரியஸில் ரத்தம் கசிந்து, விழித்திரையே தெரியாமல் பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து நீங்கள் முடிவு பண்ணாதீர்கள் அண்ணே.

நூலாம்படை:
எனக்குத் துகள் இல்லை, கண்முன் மிதக்கிற சாதாரண நூல்கள்தான். புரை எடுத்த மறுநாள் அவை பளிச்சென்று தெரிந்தன. வெள்ளையடித்த சுவரில் ஒட்டடை தெரிவது மாதிரி! நாலு மாதத்தில் பழகிப்போச்சு. ஆனால் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று புள்ளிகள் கூடினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

பிழைதிருத்தி:
கேட்டுவிட்டேன். ஒளியில்தான் அளந்திருக்கிறார்கள், லென்ஸ் அக்ரிலிக். ஜெல்லைத் தொடவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். ஒப்புதல் படிவத்தில் ‘இடது’ என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை வாசித்தேன், வலது கண்ணால்.