சூப்பர் ஹீரோ ஆட்டத்தில் துணைப் பாத்திர வகை தேவையா?

கடைசிச்சுற்று:
ஆளுக்கொரு நாயகராகக் கதைக்குள் புகுந்து ஆடும் ஒரு சூப்பர் ஹீரோ மேசை ஆட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளாக விதிகள் எழுதி வருகிறேன். இருபது முகப் பகடை, ஆறு பாத்திர வகைகள். ஐந்து வகைகள் தேறிவிட்டன. ஆறாவதான ‘ஊக்குநர்’ மட்டும் என்னை விடாமல் அலைக்கழிக்கிறது. அதன் முதன்மைத் திறன் இதுதான்: ஊக்குநர் தன் முறையைச் செலவிட்டால், அடுத்த முறை வரும்வரை தோழர்கள் எல்லோருக்கும் தாக்குதல் எறிவில் (அடி படுகிறதா என்று பார்க்க உருட்டும் பகடையில்) +2.

போன சோதனை ஆட்டத்தில் அதை எடுத்தவர் நன்றாக ஆடத் தெரிந்தவர். முதல் சுற்றில் “எல்லோருக்கும் கூட்டல் இரண்டு” என்றார். இரண்டாம் சுற்றிலும் அதையே சொன்னார். மூன்றாம் சுற்றில் அவர் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தம் பகடைகளை நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம் என்று முக எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதுவரை ஒன்றைக்கூட அவர் உருட்டியிருக்கவில்லை. “அதேதான்” என்று தலை நிமிராமலே சொன்னார்.

இந்த வகையைத் திருத்த முடியுமா, அல்லது எடுத்துவிடுவதுதான் நல்லதா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எட்டுமுகம்:
எடுத்துவிடுங்கள். தோழருக்குக் கைகொடுப்பது சூப்பர் ஹீரோ எவருக்கும் உள்ள குணம். அதை ஒருவருக்கு மட்டும் தொழிலாக எழுதிக் கொடுத்தால் மற்ற ஐந்து பேரும் தன்னலக்காரர்களாக ஆடத் தொடங்குவார்கள். இதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். கட்டிடம் சரியும்போது “அது அவருடைய வேலை” என்று சொல்லிவிட்டு வில்லனை அடிக்கப் போனார்கள்.

1981இல் வந்த ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்தில் பாத்திர வகை என்பதே கிடையாது. புள்ளிகளைச் செலவிட்டுச் சக்திகளை வாங்கவேண்டும். ‘சென்டினல் காமிக்ஸ்’ ஆட்டத்தில் தோழருக்கு வலுவூட்டுவது எல்லா நாயகருக்கும் உள்ள அடிப்படைச் செயல்களில் ஒன்று. ‘மாஸ்க்ஸ்’ ஆட்டத்தில் அணிக்குப் பொதுவான புள்ளிக் குவியல் இருக்கிறது. அதிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துத் தோழரின் எறிவுக்கு +1 கொடுக்கலாம். வழி ஏற்கெனவே இருக்கிறது.

பழையபகடை:
நண்பரே, எட்டுமுகம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாத்திர வகை என்பது ஆட வருகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு. “இதை எடுத்தால் இந்த மேசையில் உனக்கு இந்த இடம் உண்டு” என்கிற வாக்கு. முதல் முறை உட்காருகிறவரிடம் புள்ளிகளைக் கொட்டி “உனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்” என்றால் அவர் திகைத்துப் போவார். 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தபோது இருந்தவையே மூன்று வகைகள்தாம். அவற்றில் ஒன்று தோழரைக் குணப்படுத்தும் பூசாரி.

கடைசிச்சுற்றுக்கு நேர்ந்த சிக்கலுக்கும் பழைய தீர்வு ஒன்று உண்டு. அதே ஆட்டத்தின் நான்காம் பதிப்பில், 2008இல், தலைவர் வகையினர் தோழரைக் குணப்படுத்துவதைச் சிறு செயலாக்கினார்கள். ஒரு மோதலில் இரண்டு தடவை அதைச் செய்யலாம்; பெரிய செயல் கையில் மீதமிருக்கும், அதைக்கொண்டு தாமும் தாக்கலாம். ‘உதவினால் தாக்க முடியாது’ என்கிற தண்டனையை நீக்கினாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
+2 எவ்வளவு பெறும் என்று யாரும் இன்னும் கணக்குப் போடவில்லையே. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு +1க்கும் 5 விழுக்காடு. நாயகரின் அடி வில்லன்மேல் படும் வாய்ப்பு 60 விழுக்காடு, பட்டால் 10 சேதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாக்குதலின் சராசரி 6. ஊக்குநரின் +2 மூன்று தோழர்களுக்குப் போகிறது: ஆளுக்கு 1, மொத்தம் 3. அவரே போய் அடித்திருந்தால் 6 கிடைத்திருக்கும்.

அதாவது, அந்த ஆட்டக்காரர் மூன்று சுற்றும் தம் அணியை நலிவுபடுத்திக்கொண்டிருந்தார். மனத்தில் அது அவருக்கு உறைத்திருக்கும். பகடைகளை அடுக்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரிக்கட்ட +4 கொடுத்துப் பாருங்கள். மூன்று பேருக்கு ஆளுக்கு 2, மொத்தம் 6. கணக்கு நேராகிவிடும், ஆட்டம் கெட்டுவிடும். எல்லோருடைய அடியும் 80 விழுக்காடு படும்போது பகடை உருளுவதை யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கமாட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் வில்லனின் தற்காப்பை உயர்த்துவார். பிறகு ஊக்குநர் இல்லாத அணி அந்த வில்லனிடம் நிற்கவே முடியாது.

எட்டுமுகம்:
நான் சொன்னதைத்தான் எண்ணில் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. குணப்படுத்தலும் எனக்கு உவப்பில்லை, பழையபகடை. சூப்பர் ஹீரோ கதையில் நாயகன் விழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தானே எழுவான். எழவேண்டிய அந்தக் கணத்தை இன்னொருவர் கையிலிருந்து வரும் உயிர்ப் புள்ளியாக மாற்றினால் அவனிடமிருந்து எதையோ பறித்ததுபோல் ஆகிவிடுகிறது.

மூன்றாம்கை:
நான் எங்கே ஆடினாலும் துணை வகையைத்தான் எடுப்பேன். வேறு யாரும் எடுக்கவில்லை என்பதற்காக அல்ல, பிடித்துத்தான் எடுக்கிறேன். அதனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நீங்கள் எல்லோரும் ஊக்குநர் பலவீனமானவர் என்று பேசுகிறீர்கள். பலவீனம் எனக்குத் தொல்லையே இல்லை. அவருக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை, அதுதான் தொல்லை.

என் முறை இல்லாத நேரத்தில் நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் தயங்குகிறார், யாருக்கு வரிசையாக மூன்று எறிவும் தவறியது, யார் அந்தப் பாலத்தின் ஓரத்தில் ஆபத்தாக நிற்கிறார் என்று கவனிப்பேன். துணைப் பாத்திரத்தின் சுவை எனக்கு அந்தக் கவனிப்பில் இருக்கிறது. “எல்லோருக்கும் +2” என்ற விதியில் அந்தக் கவனிப்புக்கு ஒரு பயனும் இல்லை. நான் மேசையை விட்டு எழுந்து போயிருந்தாலும் +2 தானாகவே நடந்திருக்கும். யாருக்கு என்று தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்று ஆக்குங்கள். அப்போதுதான் நான் ஆடுகிறேன்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பகடை உருளும் முன்பு கொடுத்த கூட்டல் கூட்டுத்தொகையில் கரைந்துவிடும். எறிவு தவறியதைக் கண்ணால் பார்த்தபின் கொடுத்தால் அது கை நீட்டிப் பிடித்ததுபோல் இருக்கும். மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பில், 2014இல், பாணர் தோழருக்கு ஓர் ஆறு முகப் பகடையைக் கொடுத்து வைப்பார். தோழர் இருபது முகப் பகடையை உருட்டி எண்ணைப் பார்த்தபிறகு, வெற்றியா தோல்வியா என்று கேம் மாஸ்டர் சொல்லும் முன்பு, அதைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம். அழகான விதி. ஆனால் அங்கேயும் முடிவு வாங்கியவர் கையில் இருக்கிறது, கொடுத்தவர் கையில் இல்லை. எனக்கு அது வேண்டும்.

பழையபகடை:
மூன்றாம்கை சொன்னதைப் படித்ததும் பல ஆண்டுகளாக எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்று விளங்கிவிட்டது. ஒரே ஓர் அச்சம்: எறிவு முடிந்தபின் குறுக்கிடலாம் என்றால் ஒவ்வொரு எறிவுக்கும் ஐந்து பேர் நின்று யோசிப்பார்கள். ஆட்டம் நத்தையாய் நகரும்.

கடைசிச்சுற்று:
அதற்கு எண்ணிக்கையில் கடிவாளம் போடலாம். இரவு உட்கார்ந்து திருத்தி எழுதினேன். ஊக்குநருக்கு ஒரு மோதலுக்கு மூன்று வில்லைகள். தோழரின் எறிவு தவறியதைப் பார்த்தபின் ஒரு வில்லையை மேசையின் நடுவே வைத்து, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும். தோழர் மறுபடியும் உருட்டுவார். சும்மா அல்ல: ஊக்குநரின் பாத்திரம் அந்தத் தோழரின் பக்கத்துக்கே வந்துவிடும், அங்கே இருக்கும் ஆபத்து இனி இருவருக்கும். தம் முறையில் அவரும் மற்றவர்களைப்போல் 10 சேதத்துக்குத் தாக்கலாம்.

எட்டுமுகம்:
பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இது சூப்பர் ஹீரோ செய்யக்கூடிய காரியம். அதனாலேயே மறுபடியும் கேட்கிறேன்: இவ்வளவு நல்ல ஒன்றை ஒரே வகைக்குள் ஏன் பூட்டி வைக்கிறீர்கள்? தோழருக்காகப் பாய்ந்து வந்து நிற்க என் இரும்பு மனிதனுக்கும் உரிமை வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். தவறிய எறிவை மறுபடியும் உருட்டினால் சராசரி 6 சேதம். மூன்று வில்லைகள் 18. நான்கு சுற்று மோதலில் அவருடைய சொந்தத் தாக்குதல் 24. மொத்தம் 42. மற்றவர்களுக்கு 24தான். போன வாரம் நோஞ்சானாக இருந்த ஊக்குநர் இப்போது எல்லோரையும் விழுங்கிவிடுவார்.

எட்டுமுகம் கேட்டபடி எல்லா நாயகருக்கும் ஒவ்வொரு வில்லை கொடுங்கள். தன் எறிவுக்கு அல்ல, தோழரின் எறிவுக்கு மட்டும். அவர்களுக்கு 24உடன் 6 சேர்ந்து 30. ஊக்குநருக்கு மூன்று வில்லைகளையும் விட்டுவிட்டு, சொந்தத் தாக்குதலின் சேதத்தை 5 ஆக்குங்கள்: 12உம் 18உம் 30. நான்கு பேர் மேசையில் மோதலுக்கு ஆறு குறுக்கீடுகள்தாம் வரும், பழையபகடை. நத்தை ஆகாது.

எட்டுமுகம்:
வில்லை எல்லோருக்கும் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. இரண்டு பேர் ஊக்குநரை எடுத்தால் எட்டு வில்லைகள். தோல்வியே இல்லாத மோதலாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். அதை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை நான் “எடுத்துவிடுங்கள்” பக்கம்தான்.

கடைசிச்சுற்று:
நியாயம். அடுத்த சோதனை ஆட்டத்தில் இரண்டு ஊக்குநர்களை வைத்தே ஆடுகிறேன். சேதம் 5 என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம்கை:
5 எனக்குச் சம்மதம். ஒரு வேண்டுகோள் மட்டும்: அதை மாறாத எண்ணாக எழுதிவிடாதீர்கள். இரண்டு நான்கு முகப் பகடைகள் என்று எழுதுங்கள். சராசரி அதே 5தான். அன்று பகடைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவருக்கும் உருட்ட ஏதாவது வேண்டும்.