முன்னமைவு, கையமைவு: மின் குக்கரின் பொத்தான்களுக்கு என் பரிந்துரை

வணக்கம். மின் பிரஷர் குக்கரில், அமுக்கமும் (பிரஷர்) நேரமும் முன்பே குறித்து வைத்திருக்கும் ‘ப்ரீசெட்’ பொத்தானுக்குத் ‘தானியங்கிச் சமையல்’ என்றும், அவற்றை நாமே குறிக்கும் ‘மேனுவ’லுக்குக் ‘கைமுறைச் சமையல்’ என்றும் தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்று வந்த முன்மொழிவை வாசித்தேன். இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை. காரணம் எங்கள் வீட்டுக் குசினியிலேயே கிடக்கிறது.

களுவாஞ்சிகுடியில் அம்மாவுக்கு இந்தக் குக்கரை வாங்கிக் கொடுத்த முதல் கிழமை, தவிடு போகாத சிவப்பரிசியைப் போட்டு அரிசிப் படம் போட்ட பொத்தானை அமத்திவிட்டுப் போய்விட்டார். அந்தப் பொத்தானில் இருந்தது குறைந்த அமுக்கம், 12 நிமிடம். திறந்து பார்த்தால் தண்ணீர் மேலே நிற்கிறது, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே கல்லாக இருக்கிறது. “மனே, மெசினுக்குத் தெரியாதா அரிசி வேகலெண்டு?” என்று கேட்டார். தானியங்கி என்ற சொல் கொடுக்கும் நம்பிக்கை இதுதான். உள்ளே இருக்கும் உணரிகள் வெப்பத்தையும் அமுக்கத்தையும் பார்க்கும், அவ்வளவுதான். பச்சையரிசியா, குத்தரிசியா, கௌபி ஊறியதா ஊறாததா என்று அவற்றுக்குத் தெரியாது. அந்த 12 நிமிடம் வெள்ளையரிசியை மனதில் வைத்து யாரோ முன்கூட்டியே குறித்து வைத்த கணக்கு. சொல்லிலும் அந்த ‘முன்’ தெரிய வேண்டும். அதனால் முன்னமைவு.

‘கைமுறை’ வேறு விதமாகப் பிழைக்கிறது. கைமுறை நெசவு என்றால் இயந்திரம் இல்லாத நெசவு. இங்கே கை செய்வது அமுக்கத்தையும் நேரத்தையும் குறிப்பது மட்டும், சமைப்பது அதே குக்கர்தான். ஆங்கிலத்திலும் இது நிலைத்த பெயர் இல்லை, இன்ஸ்டன்ட் பாட் என்ற குக்கர் நிறுவனம் பிந்திய மாதிரிகளில் ‘மேனுவல்’ பொத்தானுக்குப் ‘பிரஷர் குக்’ என்று பெயர் போட்டிருக்கிறது. நான் சொல்வது கையமைவு. முன்னமைவோடு சோடியாக நிற்கும், இரண்டிலும் ‘அமைவு’ பொதுவாக இருப்பதால் புதிதாகப் படிப்பவருக்கும் பிடிபடும்.

‘அரிசிப்பதம்’, ‘பருப்புப்பதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொற்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் பதம் என்பது வெந்து முடிந்த நிலை. பொத்தானுக்கு அந்தப் பெயரை வைத்தால் அது தராத ஒன்றைத் தருவதாகச் சொன்னது போலாகும். ‘புரோகிரா’முக்கான ‘நிரல்’ என்ற சொல்லும் இங்கே வேண்டாம், அது கணினிக்கே இருக்கட்டும்.

அப்புறம், சமையலறைச் சாமானுக்கெல்லாம் எதற்குக் கலைச்சொல் என்று ஒரு கேள்வி. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்து இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கலாம் என்றால் அம்மா தினமும் தொடும் பொத்தானையும் தமிழில் விளங்கிக்கொள்ளலாம்தானே. குக்கர் குக்கராகவே இருக்கட்டும், அது ஊரோடு ஒட்டிவிட்டது. அழுத்தமா அமுக்கமா என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிப்பது அமுக்கம்.

இன்னுமொன்று. 22 நிமிடம் என்று அமைத்தால் 22 நிமிடத்தில் சோறு வராது. அமுக்கம் ஏறி முடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும், அதற்கு முன்னே ஒரு பத்து நிமிடமாவது போகும், பிறகு ஆவி அடங்கவும் நேரம் வேண்டும். ஆகவே ‘சமையல் நேரம்’ என்று எழுதாமல் ‘அமுக்க நேரம்’ என்று எழுதுவோம். அம்மா ஏமாந்த இரண்டாவது இடம் இது.

இப்போது குக்கருக்கு மேலே சுவரில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: “சிவப்பரிசி. கையமைவு. கூடிய அமுக்கம், அமுக்க நேரம் 22. ஆவி தானா அடங்கட்டும்.” ஒரு மாதமாக அதைப் பார்த்துத்தான் வைக்கிறார், சோறு சரியாக வருகிறது. கடைசி வரிதான் இன்னும் சொல்லாகவில்லை. ஆவி தானாக அடங்க விடுவதற்கு ஆவியடக்கம், வால்வைத் திருப்பி உடனே விடுவதற்கு ஆவித்திறப்பு என்று யோசித்திருக்கிறேன். ‘அடக்கம்’ என்றதும் சாவீடு நினைவுக்கு வருகிறது என்கிறார் அம்மா. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.